பச்சீஸ்

ஆயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய். செகந்திராபாத்தில் ராணிகஞ்ச் யூசுப் பாய் கடைக்குக் கிதியோன் கொடுக்கவேண்டியிருந்த பாக்கி அது. நாலு பிளக், ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மூடி, எல்லாம் சேர்த்து. யூசுப் பாய் கடையில் எந்தப் பாக்கிக்கும் தலை உண்டு, வால் உண்டு. இதில் தலை ஆயிரத்து ஐந்நூறு, வால் அறுபது. பழகிய மெக்கானிக் பணம் கொண்டுபோனால் பாய் தலையை மட்டும் எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "வாலை விடு உஸ்தாத், டீ குடி" என்பார். அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து கிதியோன் வால் கொடுத்ததே கிடையாது.

இந்தத் தடவை தலையையும் கொடுக்கவில்லை. பணம் வராமல் இல்லை. கார்க்காரர் அனந்தகிருஷ்ணன் சார் சாமானுக்கென்று தனியாக எண்ணிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்து வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய், மனைவி ஐவி பக்கத்து வீட்டு அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக் கூலி வந்ததும் கொடுத்துவிடலாம் என்று கிதியோன் அந்தப் பணத்தில் சிலிண்டரை எடுத்துவிட்டான். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பாதிக் கூலிதான் தந்தார்கள். அதற்குப் பிறகு அவன் ராணிகஞ்ச் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதில்லை.

அவனுக்கு வாரம் பூராவும் குஷாய்குடாவில் தினக்கூலி. ஆட்டோவும் பழைய மாருதியும் வரும். அடியில் படுத்துப் படுத்து முதுகு பலகை மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்ததும் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்குப் போவான். பிளக் சுத்தம் பண்ணி இடைவெளி வைக்க, பாயிண்ட் பார்க்க, டைமிங் வைக்க இந்த ஊரில் இப்போது ஆள் குறைவு. அந்த வீடுகளில் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். கூலி வேலையில் உட்காரச் சொல்ல ஆள் கிடையாது.

அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். பிள்ளைகளில் கிதியோன் ஒருத்தன்தான் பள்ளிக்கூடம் போகாதவன். எண் தெரியும், எழுத்து தெரியாது. நாற்பது தாண்டித்தான் கோவில் பின்னறையில் ஷெர்லி டீச்சரிடம் அ, ஆ படித்தான். தமிழ் வந்ததும் இங்கிலீஷ் எழுத்தையும் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பான். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வருவான். போர்டு வாசிக்க ஒரு டிக்கெட், உட்கார ஒரு டிக்கெட் என்று ரெண்டு எடுக்கணும் என்பாள் ஐவி.

அனந்தகிருஷ்ணன் சாருடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸில் செய்த வண்டி, சாரைவிடக் கொஞ்சம்தான் இளையது. தார்நாகாவில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் காரில் பானட்டைத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். முன் டயர் மேலேயே ஏறி உட்கார்ந்து என்ஜினை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காது. எந்தக் காரையும்விட அந்தக் கார் மேல் கிதியோனுக்கு ஆசை இருந்ததற்கு அதுதான் பாதிக் காரணம்.

பிளக்கின் நுனியில் நெருப்புப் பொறி தாண்டுகிற இடைவெளி சரியாக இருக்க வேண்டும். செகந்திராபாத் ஒர்க்‌ஷாப்புகளில் அதற்கு ஒரே பெயர்: பச்சீஸ். இருபத்தைந்து. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயிண்டுக்குப் பந்த்ரா. பதினைந்து. தெலுங்குக்காரன், துலுக்கன், தமிழன் எல்லோரும் பச்சீஸ், பந்த்ரா என்றுதான் சொல்வார்கள். எதில் இருபத்தைந்து, எதில் பதினைந்து என்று யாரும் கேட்டது கிடையாது.

அளக்க ஃபில்லர் கேஜ் என்று ஒன்று உண்டு. விசிறி மாதிரி விரிகிற மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு தடிமன். கிதியோனின் பழைய கேஜில் பச்சீஸ் தகட்டின் ஓரத்தில் அவனே அரத்தால் ஒரு வெட்டு போட்டு வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். அது மழையில் ஒருநாள் கை நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினான். பளபளவென்று இருந்தது. அதில் வெட்டு எதுவும் போடவில்லை. இனிமேல் வெட்டு எதற்கு, வாசிக்கத்தான் தெரியுமே.

தகட்டில் 0.25 என்றும் பக்கத்தில் mm என்றும் எழுதியிருந்தது. இருபத்தைந்தை வாசித்தான். முன்னால் இருந்த சைபரையும் புள்ளியையும் அச்சு அலங்காரம் என்று விட்டுவிட்டான். mm கம்பெனி பெயர் என்று நினைத்தான்.

ஹெரால்டுக்குப் புது பிளக் போட்ட அன்று, நுனியைத் தட்டித் தட்டித் தாழ்த்தும்போது கை ஒரு தடவை நின்றது. இவ்வளவு தட்ட வேண்டியதில்லையே என்று இருந்தது. மறுபடியும் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இருபத்தைந்துதான். கைக்கு என்ன தெரியும், எழுதியிருக்கிறதே என்று தட்டிவிட்டான். பாயிண்டுக்கும் அப்படியே பதினைந்து. பிறகு பல்பு வயரை மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் திறக்கிற நொடியில் பல்பு எரிகிற மாதிரி டைமிங் வைத்தான். வண்டி கிளம்பியது. சாரின் மனைவி கல்பகம் மாமி வாசலுக்கு வந்து, சத்தமே வரலையே என்று சந்தோஷப்பட்டாள். கிதியோன் கை துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தான்.

அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பேகம்பேட்டில் ஒரு கல்யாணம். சாரும் மாமியும் ஹெரால்டில் போனார்கள். மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நாலு தும்மல் தும்மி நின்றுவிட்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்க, பட்டுப்புடவையோடு மாமி இறங்கி நிற்க, ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிளும் ரெண்டு ஸ்கூட்டர்க்காரர்களும் காரைத் தள்ளிக் கீழே இறக்கினார்கள். தாலி கட்டுவதை அவர்கள் பார்க்கவில்லை.

கிதியோன் ஓடிப்போய் பிளக்கைக் கழற்றினான். நாலும் அடுப்புக்கரி. சார் கேட்டார், ஏம்ப்பா இப்படி என்று. அந்த நேரத்தில் கிதியோன் வாயில் வந்த வார்த்தை "டூப்ளிகேட்."

சொன்னதும் பாரம் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. டூப்ளிகேட் சாமானுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? ஆயிரத்து ஐந்நூற்று அறுபது அந்த ஒரு வார்த்தையில் கரைந்தே போயிற்று. பிளக்கைப் பார்த்து யோசித்து அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அது பின்னால்தான் அவனுக்கே தெரிந்தது.

சார் விடவில்லை. வா, நேரே போய்க் கேட்போம் என்று ஆட்டோ வைத்து ராணிகஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போனார். கடையில் கூட்டம். சார் பக்கத்தில் நிற்கிறார். பதுங்கவும் முடியாது, மெதுவாகச் சொல்லவும் முடியாது. பிளக்கைக் கண்ணாடி மேஜை மேல் உருட்டி, டூப்ளிகேட் மால் கொடுத்துப் பெரிய மனுஷரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டீர்களே என்று கிதியோன் சத்தமாகவே சொன்னான். வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையில் எடுத்த சாமானைத் திரும்ப வைத்தார்.

யூசுப் பாய் வாணியம்பாடிக்காரர். அப்பா காலத்திலிருந்து அங்கேதான் கடை. அவர் பிளக்கை எடுத்துத் துணியில் துடைத்தார்.

"கேப் எவ்ளோ வெச்சே?"

"பச்சீஸ்."

"பாயிண்ட்?"

"பந்த்ரா."

பாய் அதற்கு மேல் அளந்து பார்க்கவில்லை. உஸ்தாத் பச்சீஸ் என்றால் பச்சீஸ்தான். பிறகு அலமாரியில் அதே பிளக் இருந்த பெட்டியை மொத்தமாக இறக்கி மூலையில் வைத்துவிட்டு வந்தார். அதற்குள் சார் ஆட்டோ பார்க்கப் படி இறங்கியிருந்தார்.

"தனியா வந்து சொல்லியிருக்கலாம்," என்றார். "பரவால்லே. பாக்கி இல்லே. துட்டு நக்கோ, வேணாம். நீங்க போங்க."

இருபது வருஷத்தில் பாய் அவனை 'நீங்க' என்றது அன்றைக்குத்தான். அது கிதியோனுக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி படி இறங்கினான். ஆட்டோவில் வரும்போதே சார் பழைய கார்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில், அந்தக் கடையில் யாரும் வாங்காதீர்கள் என்று போட்டுவிட்டார்.

சார் கம்ப்யூட்டரில் தேடி வேறு பிளக் வரவழைத்தார். ஒன்றின் விலைக்குப் பாய் கடையில் மூன்று வாங்கலாம். கிதியோன் அதே கேஜை வைத்து அதே பச்சீஸ் வைத்தான். வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தான். திரும்பி வருவதற்குள் மிஸ்ஸிங், என்ஜின் விக்கியது. கழற்றினால் கறுப்பு.

சார் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். கிதியோன் டயர் மேல் உட்கார்ந்தபடி டூல் பெட்டியைப் பார்த்தான். அடியில் உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்று கிடந்தது, இரும்பு அறுக்கிற பிளேடு. கேஜ் வாங்க வக்கில்லாத காலத்தில் இந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் அந்த பிளேடில் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு அதை வைத்துத்தான் பிளக் பார்த்தார்கள். அதன் தடிமன் பச்சீஸ். கிதியோனும் அப்படித் தொடங்கியவன்தான். பிளேடை எடுத்து பிளக்கின் நுனியில் நுழைத்தான்.

நுழையவில்லை. பாதியளவுகூட இடம் இல்லை.

கேஜை விரித்துத் தகடு தகடாக பிளேடோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். பிளேடுக்குச் சரியாக வந்த தகட்டில் 0.65 என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலும் mm. எல்லாத் தகட்டிலும் mm. அது கம்பெனி பெயர் இல்லை, மில்லிமீட்டர். பழைய கேஜ் இஞ்சுக் கணக்கு, பச்சீஸ் என்றால் ஒரு இஞ்சை ஆயிரமாக வெட்டி அதில் இருபத்தைந்து. வாசிக்கத் தெரியாத வரைக்கும் அவன் ஒரு பிளக்கையும் கெடுத்ததில்லை.

யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றிப் பார்த்தான். பிறகு நாலு பிளக்கையும் துடைத்து, பிளேடு நுழைகிற அளவுக்கு நுனியைத் தூக்கினான். இருபத்தைந்துக்கு அறுபத்தைந்து என்றால் பதினைந்துக்கு நாற்பது என்று கணக்குப் போட்டு, பாயிண்டை 0.40 தகட்டில் வைத்தான். பல்பை மாட்டி டைமிங் வைத்தான். சாவியைத் திருப்பினதும் வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது.

சார் காப்பியோடு வெளியே வந்தார். "பாத்தியா? ஒரிஜினல்னா ஒரிஜினல்தாம்ப்பா. அந்த பாய் நன்னா ஏமாத்திருக்கான்."

கிதியோன் காப்பியை வாங்கினான். இப்போது சொல்லிவிடலாம், இந்த வாய் காப்பி உள்ளே போனதும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாயாகக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். "வாரேன் சார்" என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் ஐவியிடம் சொன்னான். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள், "அப்ப அந்த சிலிண்டர் யார் காசுல எரியுது?"

ஒர்க்‌ஷாப்பில் முன்பணம் கேட்டு வாங்கி, மறுநாள் சாயந்திரம் ராணிகஞ்சில் இறங்கினான். கடையில் ஆளே இல்லை. மூலையில் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. பழைய கார்க்காரர்கள் யாரும் வருவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரன் வழியிலேயே சொல்லியிருந்தான். கிதியோன் பணத்தைக் கண்ணாடி மேல் வைத்தான். பாய் அதைத் தொடவில்லை.

"கைக்கு இது, எதுக்கு? பாக்கிதான் இல்லையே."

"இல்ல பாய்... பிளக்கு நல்லாத்தான் இருந்திருக்கு போல."

"போலயா?" என்றார் பாய். "அன்னிக்கு நீங்க 'போல' வைக்காமதானே சொன்னீங்க."

பாய் துணியால் தூசி தட்டத் தொடங்கினார். நாலு பேர் முன்னால் போனது, ஆள் இல்லாத கடையில் திரும்பி வராது என்று தூசியைப் பார்த்துச் சொன்னார். கிதியோன் பணத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வழியெல்லாம் கணக்குப் போட்டான். சாரிடம் தனியாகச் சொன்னால் அவர் குரூப்பில் போட்டதை அழித்துவிடுவார். அழித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. பாய் கடைக்கு மட்டும் பெயர் கெட்டது கெட்டதுதான். எல்லோர் முன்னாலும் சொன்னால், கேஜ் வாசிக்கத் தெரியாத மெக்கானிக் என்று ஆகும். அதற்கப்புறம் எவர் வீட்டில் நாற்காலி போடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வருமானம் போய்விட்டால் தினக்கூலியும் முதுகுவலியும்தான் மிச்சம். அந்த வாரம் பூராவும் பஸ்ஸில் அவன் எந்தப் பலகையையும் வாசிக்கவில்லை. ஐவி கேலி பண்ணவும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேகம்பேட்டில் ஒரு ஆபீசின் கார் நிறுத்துமிடத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் பார்ப்பார்கள். கிதியோன் கோவிலுக்குப் போகாமல் நேரே அங்கே போனான். அம்பாசடர் வைத்திருக்கும் நூர் முகமது சாஹிப் அவனைக் கண்டதும் கையை ஆட்டி, உஸ்தாத் நல்ல நேரத்துக்கு வந்தீர், என் வண்டிக்கும் பிளக் பார்த்துவிடும் என்று பானட்டைத் தூக்கி வைத்தார்.

கிதியோன் கருவிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முதலில் ஒன்று சொல்ல வேண்டும் என்றான். இந்தியில்தான் சொன்னான், அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாஷை அதுதான். யூசுப் பாய் கடை பிளக்கில் ஒரு குற்றமும் இல்லை. இஞ்சு என்று நினைத்து மில்லிமீட்டர் தகட்டை வைத்தது தன் தப்பு. இப்படி, என்று கேஜையும் ஆக்ஸா பிளேடையும் நீட்டிக் காட்டினான். தகடுகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. யாரோ லேசாகச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் சார் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"வண்டி சரியான அன்னைக்கே எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுக்கிட்டுதான் ஒங்க காப்பியக் குடிச்சேன். நீங்க சாமானுக்குத் தந்த பணத்தையும் நான் கடையில கட்டல. வீட்டுல சிலிண்டருக்குச் செலவாயிட்டு."

அனந்தகிருஷ்ணன் சார் ஹெரால்டின் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "எங்கிட்டே கேட்டிருந்தா சிலிண்டருக்குத் தந்திருப்பேனேப்பா," என்றார் கடைசியில். "நான் வேற அந்த மனுஷரை ஊரெல்லாம்..." முடிக்காமல் போனை எடுத்தார்.

நூர் முகமது சாஹிப் நல்லவர். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அம்பாசடரின் பானட்டைச் சத்தம் வராமல் இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி மூடினார். கிதியோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்து ராணிகஞ்ச் போனான். கடையில் ரெண்டு பேர் நின்றார்கள். மூலையில் இருந்த பெட்டி அலமாரிக்கு ஏறியிருந்தது. பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி அவனைப் பார்த்தார். சார் குரூப்பில் மாற்றிப் போட்டது அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் சொல்லவில்லை, பார்த்ததிலேயே தெரிந்தது. ரெண்டு பேரும் போகட்டும் என்று கிதியோன் காத்திருக்கவில்லை. அவர்கள் இருக்கும்போதே சொன்னான்.

"பாக்கி கொண்டாந்திருக்கேன் பாய். கேஜ நான்தான் தப்பா வாசிச்சேன்."

"ஹவ், ஆமா," என்றார் பாய்.

மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒரு ஐம்பது, ஒரு பத்து. பாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தெரியாத ஆளிடம் வாங்கும்போதுதான் அவர் அப்படிப் பார்ப்பார். ஐந்நூறுகளைப் பெட்டியில் வைத்தார். கிதியோனின் கண் கண்ணாடி மேல் கிடந்த ஐம்பதிலும் பத்திலும் நின்றது. வாலை விடு உஸ்தாத் என்று ஒரு குரல் வருமோ என்று காது, கேட்கக் கூடாது என்று மனசு சொன்னாலும், கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பாய் ஐம்பதையும் எடுத்தார். பத்தையும் எடுத்தார். பெட்டியை மூடினார்.

"கணக்கு தீந்துச்சு," என்றார்.

கிதியோன் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினான். ரெண்டாவது படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து பாயின் குரல் வந்தது, அடுத்த ஆளுக்கு ஏதோ சாமான் தேடிக்கொண்டே, இவன் பக்கம் திரும்பாமல்.

"அந்த மில்லிமீட்டர் கேஜைக் கடாசிடாதே. மாருதிக்கு அதான் வேணும்."

கிதியோன் பஸ் ஸ்டாப்பில் போய் நின்ற பிறகும் அந்தக் 'கடாசிடாதே'யைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'கடாசிடாதீங்க' என்று அவர் சொல்லவில்லை. பஸ் வந்தது. அதன் நெற்றியில் எரிந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை வாசித்துவிட்டு ஏறினான்.